தஞ்சாவூரிலிருந்து கோவா: நண்பர்களோடு பனாஜியில் ஒரு கேசினோ ராத்திரி, முதல்முறை போகிறவர்களுக்கு

சம்பா அறுவடை முடிந்து மாசி பிறந்தால் டெல்டா இளவட்டங்கள் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். முன்பு கொடைக்கானல், மூணாறு என்று இருந்த பயணம் இப்போது கோவா வரை நீண்டிருக்கிறது. கோவா என்று முடிவானதுமே கூட்டத்தில் யாராவது ஒருவர், “அப்படியே ஒரு ராத்திரி கேசினோ கப்பலையும் பாத்துட்டு வந்துருவோம்” என்பார். இந்தக் கட்டுரை அப்படி முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு. போகலாமா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. போவதென்று முடிவு செய்துவிட்டால், அந்த ராத்திரி நல்லபடியாக முடிவதற்கு வேண்டிய ஏற்பாடுகளில் பாதிக்கு மேல் ஊரிலேயே செய்ய வேண்டியவை. அதனால் கப்பலைப் பற்றிப் பேசுவதற்கு முன் பணத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

முதல் வேலை: பணத்தைப் பிரித்து வைப்பது

கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டால் பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. அதே கணக்கில்தான் ஜிபேயும் போன்பேயும் இணைந்திருக்கின்றன. ஆக, மாசி மாதம் கோவா போகிற விவசாயி வீட்டுப் பையனின் சட்டைப் பையில் ஒரு போக விளைச்சல் முழுவதும் இருக்கிறது. கூட்டுறவு சங்கக் கடன், நகைக்கடன் வட்டி, உரக்கடை பாக்கி, அறுவடை மெஷின் வாடகை எல்லாம் இன்னும் கொடுத்து முடிக்காத பணம் அது. சூதாட்டக் கூடத்தில் ராத்திரி ஒரு மணிக்கு அந்தக் கணக்குக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்பது நான்கு அல்லது ஆறு இலக்க எண் மட்டும்தான். டெல்டாவிலிருந்து போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து அந்தக் கப்பலில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வேறொரு வங்கியில் சேமிப்புக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். தபால் துறையின் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கானாலும் சரி. பயணத்துக்கு என்று நினைத்த தொகையை மட்டும் அதற்கு மாற்றுங்கள். போனில் இருக்கிற யுபிஐ செயலிகளிலிருந்து பழைய கணக்கை நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் இணையுங்கள். பழைய கணக்கின் ஏடிஎம் அட்டை, கிரெடிட் கார்டு எல்லாம் வீட்டு அலமாரியில் இருக்கட்டும். வழியில் வண்டி நின்றுவிட்டால், யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கூட்டத்தில் விளையாடவே மாட்டேன் என்று சொல்கிற ஒருவர் இருப்பார். அவரிடம் மட்டும் அவசரத்துக்கு ஓர் அட்டை இருந்தால் போதும்.

பயணப் பணத்தையும் மூன்றாகப் பிரிக்க வேண்டும். டீசல், சுங்கம், அறை, சாப்பாடு ஆகியவை பொதுப்பணம். அதை ஒருவர் கையில் கொடுத்துக் கணக்கு எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது, அவரவர் கைச்செலவு. மூன்றாவதுதான் கப்பல் பணம். அதை நோட்டாக எடுத்துத் தனி உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். சினிமா பார்த்துவிட்டு வெளியே வந்து டிக்கெட் காசைத் திரும்பக் கேட்கமாட்டோம் அல்லவா, அந்த உறையும் அப்படித்தான். அதில் எவ்வளவு வைக்கலாம் என்றால், முழுவதும் போனாலும் ஊருக்கு வந்து யாரிடமும் மறைக்கத் தேவையில்லாத தொகை. அது ஒருவருக்கு மூவாயிரமாக இருக்கலாம், இன்னொருவருக்குப் பத்தாயிரமாக இருக்கலாம். எல்லாரும் ஒரே தொகை போட வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். கூலி வேலைக்குப் போகிற நண்பனும் சிங்கப்பூர் சம்பளக்காரனும் ஒரே வண்டியில் வருகிறார்கள்.

அப்புறம், நண்பர்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு: கப்பலில் கடன் கிடையாது. “மாப்ள, ஒரு ரெண்டாயிரம் குடு, விட்டதை எடுத்துட்டுத் தர்றேன்” என்று கேட்டால் யாரும் கொடுக்கக் கூடாது. இதை வண்டி ஏறுவதற்கு முன்பே எல்லாரும் இருக்கும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். அங்கே போய் மறுத்தால் மனசு கசக்கும். இங்கேயே பேசி வைத்திருந்தால், “ஊர்லயே சொன்னோம்ல பங்காளி” என்பதோடு முடிந்துவிடும். பள்ளிக்கூடத்திலிருந்து கூட வருகிற சிநேகிதம் இரண்டாயிரம் ரூபாயில் முறிவதை ஊர்ப்பக்கம் எல்லாருமே பார்த்திருப்போம்.

இன்னொன்றும் இங்கேயே சொல்ல வேண்டும். ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டு, வீட்டில் அடைத்து மீண்ட நண்பர் உங்கள் கூட்டத்தில் இருந்தால் கப்பலைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். கோவாவில் பார்ப்பதற்கு வேறு எவ்வளவோ இருக்கிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை செய்தது. ஆனால் அந்தப் பழக்கத்தின் நினைவு சட்டத்தால் போய்விடாது. சீட்டுச் சத்தமும் விளக்கும் நிறைந்த கூடத்துக்கு அவரை அழைத்துப் போய், “நீ சும்மா உக்காந்திரு” என்பது நியாயமே இல்லை. பழக்கத்திலிருந்து வெளியே வர உதவி தேவைப்படுகிறவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடலாம். மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலும் பேசுவார்கள்.

எப்போது போவது

நமக்கு மழைக்காலம் ஐப்பசி, கார்த்திகை. கோவாவுக்கு அது ஜூன் முதல் செப்டம்பர் வரை. மேட்டூர் திறந்து குறுவை நட்டு முடித்த கையோடு, ஆடி வெயிலில் கிளம்பினால் அங்கே மலைப்பாதை முழுக்கக் கொட்டுகிற மழையில் ஓட்ட வேண்டியிருக்கும். கடலிலும் இறங்க விடமாட்டார்கள். தை கடைசியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். அதிலும் பிப்ரவரியில் கார்னிவல் நாட்களில் அறை வாடகை ஏறிவிடும். வெள்ளி, சனி, ஞாயிறில் கப்பல் கட்டணமும் கூடும், கூட்டமும் தாங்காது. திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு ராத்திரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியும் வழியும்

தஞ்சாவூரிலிருந்து பனாஜி ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். திருச்சி தாண்டிக் காவிரிக் கரையோடு முசிறி, தொட்டியம் வழியாக நாமக்கல் போகலாம், அல்லது கரூர் சுற்றிப் போகலாம். மயிலாடுதுறை, சீர்காழிப் பக்கத்தார் விருத்தாசலம், ஆத்தூர் வழியாகச் சேலம் பிடிப்பது சுருக்கம். சேலத்திலிருந்து தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர். பெங்களூருக்குள் நுழையாதீர்கள். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் நைஸ் ரோடு ஏறினால் ஊருக்கு வெளியே சுற்றித் தும்கூர் சாலையில் விட்டுவிடும். 2025 ஆகஸ்ட் 15 முதல் தேசிய நெடுஞ்சாலைகளில் சொந்தக் கார்களுக்கு ஓராண்டு அல்லது 200 பயணம் என்று ஃபாஸ்டேக் பாஸ் வந்திருக்கிறது. நைஸ் ரோடு அதில் சேராது, அங்கே தனியாகக் கட்ட வேண்டும்.

தும்கூருக்கு அப்புறம் 48-ஆம் எண் நெடுஞ்சாலை. சித்ரதுர்கா, தாவணகெரே, ஹாவேரி, ஹூப்ளி, தார்வாடு என்று நேராகப் போகும். சாலை நன்றாக இருப்பதால் ஒரே மூச்சில் போய்விடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். விடியற்காலை நான்கு மணிக்குத் தஞ்சாவூரில் கிளம்பினால் சாயங்காலம் சித்ரதுர்கா சேர்ந்துவிடலாம், அங்கே தங்குங்கள். காலையில் கோட்டையைப் பார்த்துவிட்டு, தாவணகெரேயில் வெண்ணெய் தோசை சாப்பிட்டுக் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் பனாஜி. மலைப்பாதையை வெளிச்சத்திலேயே கடந்துவிட வேண்டும் என்பதுதான் இந்தக் கணக்கின் காரணம்.

தார்வாடுக்கு மேல் மூன்று வழி. பெலகாவி போய்ச் சோர்லா மலைப்பாதை. லோண்டா வழியாக அன்மோட் இறங்கி மொல்லெம், போண்டா. மூன்றாவது, ஹூப்ளியிலிருந்தே எல்லாபூர் வழியாக இறங்கிக் கடற்கரையில் கார்வார், மட்காவ் வழியாகப் பனாஜி. கடைசி வழி சற்று நீளம். டெல்டாவில் ஓட்டிப் பழகியவர்களுக்கு மேடே பழக்கமில்லை, கொண்டை ஊசி வளைவில் மேலே ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது. கூட்டத்தில் மலையில் ஓட்டியவர் யாரோ அவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுங்கள். காட்டெருமை சாலையைக் கடக்கும், அதனால் வேகம் வேண்டாம். அன்மோட் வழியில் வந்தால் மொல்லெமிலிருந்து கொஞ்சம் உள்ளே தாம்டி சுர்லா என்ற இடத்தில் கடம்பர் காலத்து மகாதேவர் கோயில் ஒன்று காட்டுக்குள் இருக்கிறது. நம் பெரிய கோயிலைப் பார்த்த கண்ணுக்கு மிகச் சின்னது. கருங்கல்லில் அத்தனை நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கத் தகுந்த இடம்.

வாடகை வேன் என்றால் மஞ்சள் போர்டு வண்டியாக, வெளி மாநில பர்மிட் உள்ளதாகப் பாருங்கள். தெரிந்தவர் கார் என்று வெள்ளை போர்டு வண்டிக்கு வாடகை கொடுத்து எடுத்துப் போனால், விபத்து என்று வரும்போது காப்பீடு கையை விரித்துவிடும். அடுப்பும் சிலிண்டரும் ஏற்றிக்கொண்டு போய்ச் சாலையோரம் சமைக்கிற வழக்கம் நம் பக்கத்து வேன்களுக்கு உண்டு. கோவாவில் திறந்தவெளியில் சமைப்பதும் குடிப்பதும் 2019 முதல் குற்றம். 2019-இல் தனி ஆளுக்கு 2,000 ரூபாய், கூட்டமாக இருந்தால் 10,000 ரூபாய் என்று அபராதம் வைத்தார்கள். கட்டுச்சோறு கொண்டுபோவதில் தடையில்லை. புளியோதரை இரண்டாம் நாள் மத்தியானம் வரை தாராளமாகத் தாங்கும்.

பனாஜியில்

அறையைப் பனாஜி ஊருக்குள்ளேயே எடுங்கள், கப்பல் ராத்திரிக்கு மட்டுமாவது. கலங்கூட், பாகா கடற்கரைப் பக்கம் தங்கினால் நடுராத்திரியில் திரும்பி வர வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். மாண்டவி ஆற்றங்கரையில், படகுத்துறைக்கு நடந்து போகிற தூரத்தில் எல்லா விலையிலும் விடுதிகள் உள்ளன. வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டுச் சாவியைப் பொதுப்பணம் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நாடு முழுக்க அதே சட்டம்தான். வண்டி வேண்டுமென்றால் கோவாமைல்ஸ் என்ற செயலியில் டாக்சி பிடிக்கலாம்.

இனி கப்பல். கோவாவில் சூதாட்டத்துக்கான சட்டம் 1976-இல் வந்தது. பின்னால் செய்த திருத்தங்களின்படி ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் இயந்திர ஆட்டங்களும், நீரில் நிற்கும் கப்பல்களில் மேஜை ஆட்டங்களும் நடத்த உரிமம் கொடுக்கிறார்கள். மாண்டவியில் விளக்கு எரிய நிற்பவை இந்தக் கப்பல்கள்தான். அவை பயணம் போவதில்லை, ஆற்றிலேயே நிற்கும். கரையிலிருந்து சின்னப் படகில் கொண்டுபோய் விடுவார்கள், திரும்பவும் கொண்டுவந்து விடுவார்கள். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். கூட்டத்தில் கல்லூரி படிக்கிற தம்பிகள் இருந்தால் இதை முன்பே பாருங்கள், படகுத்துறையில் போய்த் தலையைச் சொறிய வேண்டாம். அசல் அடையாள அட்டை கட்டாயம். கோவாக்காரர்கள் விளையாட உள்ளே போகக்கூடாது என்று 2020 பிப்ரவரியிலிருந்து அந்த அரசே தடுத்திருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் திறந்திருக்கிற கதவு இது. சொந்த மக்களை ஏன் உள்ளே விடவில்லை என்பதை ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் படகில் ஏறுங்கள்.

ஆண்கள் பேன்ட், சட்டை, ஷூ அணிந்து போவது பாதுகாப்பு. அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்போடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மேஜைப் பக்கம் போட்டோ, வீடியோ எடுக்க விடமாட்டார்கள்.

கட்டணம் பெரும்பாலும் பேக்கேஜாக இருக்கும். நுழைவு, சாப்பாடு, குடி, கொஞ்சம் விளையாட்டு சிப்ஸ் (பணத்துக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கிற வில்லைகள்) எல்லாம் அதற்குள் வரும். அந்த சிப்ஸில் இரண்டு வகை உண்டு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று பணமாக மாற்றக் கூடியது. இன்னொன்று ஓடிபி (ஒன் டைம் பிளே) சிப்ஸ் என்பார்கள், ஒரு தடவை பந்தயம் வைக்க மட்டும் பயன்படும், கவுண்டரில் கொடுத்துக் காசு வாங்க முடியாது. “மூவாயிரம் கட்டினா ரெண்டாயிரத்துக்கு சிப்ஸ் தர்றாங்க” என்று யாராவது சொன்னால் எந்த வகை என்று கேளுங்கள்.

வரியும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் கேசினோவுக்கு ஜிஎஸ்டி 40 விழுக்காடு. அதுவும் நீங்கள் தோற்ற தொகைக்கு இல்லை, சிப்ஸ் வாங்கக் கட்டுகிற தொகைக்கு. வாங்கிய சிப்ஸை விளையாடாமல் திருப்பிக் கொடுத்தாலும் அந்த வரி திரும்ப வராது. ஆகவே கவுண்டரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இவ்வளவு பணம் கொடுத்தால் என் கையில் எத்தனை ரூபாய் சிப்ஸ் வரும்? பதில் தெளிவாக வராவிட்டால் உறையைப் பிரிக்காதீர்கள். உறையிலிருப்பதை மொத்தமாக மாற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஜெயித்தால் அந்த வருமானத்துக்கு 30 விழுக்காடு வருமான வரி, செஸ் தனி. முதல் நாள் தோற்றதைக் கழித்துக்கொள்ளவும் விடமாட்டார்கள்.

மேஜையில்

முதல் அரை மணி நேரம் எதுவும் ஆடாமல் சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு மேஜையிலும் குறைந்தபட்சப் பந்தயம் எவ்வளவு என்று பலகை இருக்கும். அதைப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டு, ஒரே சுற்றில் பாதி உறையை வைக்க நேர்வது புதியவர்களுக்கு அடிக்கடி நடக்கிறது. மேஜையில் ஆட்டத்தை நடத்துகிற டீலர் கையில் பணத்தைக் கொடுக்கக் கூடாது, மேஜை மேல் வைக்க வேண்டும். அவர் கையை மேஜைக்கு மேலாக வீசிக் காட்டினால் பந்தயம் முடிந்தது, அதற்கு மேல் சிப்ஸைத் தொடக்கூடாது. இந்தி தெரியவில்லை என்று கூச வேண்டாம். ஆட்டம் முழுக்கக் கைச்சைகையில்தான் நடக்கிறது. சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண் குழியில் விழும் என்று பந்தயம் வைக்கிற ஆட்டம் ரூலட். அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் சிப்ஸ் கொடுப்பார்கள். அந்த நிறச் சிப்ஸுக்கு அந்த மேஜையில் மட்டும்தான் மதிப்பு. எழுந்திருக்கும் முன் டீலரிடம் கொடுத்துப் பணச் சிப்ஸாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இப்போது கணக்கு. இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் கப்பலில் இதை யோசிக்க யாராலும் முடியாது. ரூலட் சக்கரத்தில் 1 முதல் 36 வரையும், ஒரு பூஜ்யமும் சேர்த்து 37 குழிகள். ஒற்றை எண்ணில் வைத்து ஜெயித்தால் 35 மடங்கு தருகிறார்கள். நியாயமாகப் பார்த்தால் 36 மடங்கு தர வேண்டும். அந்த வித்தியாசம்தான் கப்பலின் வருமானம். வைக்கிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் சராசரியாக 2 ரூபாய் 70 காசு அவர்களுக்கு. இரண்டு பூஜ்யம் உள்ள சக்கரமானால் 38 குழிகள், நூற்றுக்கு 5 ரூபாய் 26 காசு. எனவே உட்காரும் முன் பூஜ்யத்தை எண்ணுங்கள். இரண்டு இருந்தால் அடுத்த மேஜைக்குப் போங்கள்.

2.7 என்பது சின்ன எண்ணாகத் தெரிகிறது. சுற்றுக்கு 500 ரூபாய், மணிக்கு 40 சுற்று என்று வையுங்கள். ஒரு மணியில் 20,000 ரூபாயைப் பந்தயத்தில் சுழற்றியிருக்கிறீர்கள். சராசரி இழப்பு 540 ரூபாய். நான்கு மணி நேரத்தில் 2,160. இது சராசரி மட்டும்தான், நிஜத்தில் மேலும் கீழும் பயங்கரமாக ஆடும். ஆனால் நேரம் கூடக் கூட அது ஒரு பக்கமாகவே சாயும். நேரத்தைக் குறைப்பதும் பந்தயத்தைக் குறைப்பதும் மட்டுமே உங்கள் கையில் இருக்கிற வழி.

கூட்டத்தில் ஒருவர் ஒரு சூத்திரம் வைத்திருப்பார்: ரூலட்டில் சிவப்பு எண்களுக்கு மொத்தமாக வை (ஜெயித்தால் வைத்த அளவுக்கே லாபம்), தோற்றால் இரட்டிப்பாக்கு, ஒரு தடவை ஜெயித்தால் எல்லாம் வந்துவிடும். 500-இல் தொடங்கி 1,000, 2,000, 4,000, 8,000, 16,000 என்று ஆறு தடவை தோற்றால் 31,500 போய்விடும். ஏழாவதாக 32,000 வைத்து ஜெயித்தால் கிடைக்கிற லாபம் வெறும் 500. ஆறு தடவை தொடர்ந்து தோற்பது ஏறக்குறைய 55-இல் ஒரு வாய்ப்பு. நூற்றுக்கணக்கான சுற்று ஓடுகிற ஒரு ராத்திரியில் அது வரும். மேஜையின் அதிகபட்ச வரம்பும் குறுக்கே நிற்கும். அந்த நண்பரை அன்பாகத் தடுத்துவிடுங்கள்.

அந்தர் பாஹர் என்ற மேஜை நமக்குப் புதியதல்ல. பொங்கல் சமயத்தில் களத்துமேட்டில் ஆடுகிற மங்காத்தாதான், உள்ளே வெளியே. முதல் சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் ஜெயிக்க 51.5 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அதற்காகவே பல மேஜைகளில் அந்தப் பக்கம் ஜெயித்தால் நூற்றுக்குத் தொண்ணூறு தருகிறார்கள். அப்படிக் கொடுத்தும் அவர்களுக்கு நூற்றுக்கு 2 ரூபாய்க்கு மேல் நிற்கிறது. தெரிந்த ஆட்டம் என்பதால் நம் ஆட்கள் இங்கேதான் நீண்ட நேரம் உட்காருகிறார்கள், கவனம். பிளாக்ஜாக் என்ற, இருபத்தொன்றை எட்டப் பார்க்கிற சீட்டாட்டத்தை முறையாகக் கற்றவருக்கு இழப்பு வீதம் நூற்றுக்கு அரை ரூபாய் அளவுக்குக் குறையலாம். அதைக் கற்காமல் உட்காருகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. பக்காரா என்ற சீட்டாட்டத்தில் ‘டை’, அதாவது இரு பக்கமும் சமம் என்ற இடத்தில் மட்டும் வைக்காதீர்கள், அங்கே நூற்றுக்குப் பதினான்கு ரூபாய் போகிறது.

குடி பேக்கேஜுக்குள் இருப்பதால் கை நீட்டினால் கிளாஸ் வரும். குடிக்கிறவர்கள் ஆடி முடித்த பிறகு குடியுங்கள். ஒன்பது மணிக்கு ஏறினால் பன்னிரண்டு மணிக்கு இறங்கிவிடுவது என்று முன்பே பேசி, எல்லார் போனிலும் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கடிகாரம் தேடினால் கிடைக்காது, ஜன்னலும் கண்ணில் படாது. உறை தீர்ந்தவர் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட வேண்டும். ஜெயித்துக்கொண்டிருக்கிறவரும் மணியடித்தால் எழுந்துவிட வேண்டும். இரண்டாவது சொன்னதுதான் கடினம்.

ஆடாதவர்களுக்கு

“எனக்கு இதெல்லாம் வேண்டாம்” என்கிற நண்பரை வற்புறுத்தி அவருக்கும் நுழைவுக் கட்டணம் கட்டாதீர்கள். அவர் கரையில் இருக்கட்டும். சாந்தா மோனிகா துறையிலிருந்து சாயங்காலம் மாண்டவியில் சுற்றிக் காட்டுகிற சாதாரணப் படகுகள் உண்டு. ஃபோந்தைன்யாஷ் என்ற பழைய போர்ச்சுகீசியத் தெருக்களில் நடக்கலாம், மிராமார் கடற்கரையில் உட்காரலாம். அந்த ஆற்றைப் பார்க்கும்போது நமக்கு நினைவு வர வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கர்நாடகத்தில் கானாபூர் பக்கத்துக் காட்டில் மகதாயி என்ற பெயரில் பிறந்து வருவது அது. அதன் தண்ணீருக்காகக் கோவாவும் கர்நாடகமும் நடுவர் மன்றம் வரை போய், 2018-இல் தீர்ப்பு வந்தது, தகராறு இன்னும் ஓயவில்லை. காவிரிக்காரர்களுக்கு அந்தக் கரையில் நிற்கையில் அந்நியமாக இருக்காது.

மறுநாளும் திரும்பும் வழியும்

காலையில் பாவ், பாஜி சாப்பிட்டுவிட்டுப் பழைய கோவாவுக்குப் போங்கள், பத்து கிலோமீட்டர்தான். 1605-இல் அர்ச்சிக்கப்பட்ட போம் ஜேசு பேராலயத்தில் புனித சவேரியாரின் உடல் இருக்கிறது. முத்துக்குளித்துறை மீனவர்களிடையே தமிழ்ப் பிரார்த்தனைகளைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். வேளாங்கண்ணிக்கு வருகிற கோவாக்காரர்களை நாம் வருடா வருடம் பார்க்கிறோம், வாஸ்கோவிலிருந்து வேளாங்கண்ணிக்கு நேரடி ரயிலே விட்டிருக்கிறார்கள். அவர்கள் ஊர்க் கோயிலை நாம் பார்ப்பது அழகான காரியம். கப்பலில் இரண்டாம் ராத்திரி என்ற பேச்சு பெரும்பாலும் இந்தக் காலையில்தான் எழும். வண்டியை நேராகத் தெற்கே பாலோலெம் கடற்கரைக்கு விடுங்கள், பேச்சு தானாக நின்றுவிடும்.

பாட்டில் வாங்கி ஏற்றாதீர்கள். காரைக்கால் பாட்டிலோடு நண்டலாறு சோதனைச் சாவடியில் மாட்டினால் என்ன ஆகும் என்று நம் பக்கம் எல்லாருக்கும் தெரியும். கோவாப் பாட்டிலுக்கும் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் அதேதான், இடையில் கர்நாடகச் சோதனையும் உண்டு. வேனிலோ லாட்ஜிலோ காசு வைத்துச் சீட்டு போடுவதும் வேண்டாம். கப்பலில் உரிமத்தோடு நடப்பது, தமிழ்நாட்டில் 1930-ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்காகிவிடும்.

பொதுக்கணக்கை ஓசூர் வருவதற்கு முன்பே பார்த்து முடித்து, யார் யாருக்கு எவ்வளவு என்று அங்கேயே யுபிஐயில் அனுப்பிவிடுங்கள். ஊருக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் மூன்று மாதம் இழுக்கும். தர்மபுரி தாண்டித் தொப்பூர் இறக்கத்தில், போகும்போது ஏறிய மலையை இப்போது இறங்குகிறீர்கள். லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதுகிற இடம் அது. குறைந்த கியரில், லாரிக்கு முன்னாலும் பின்னாலும் ஒட்டாமல் இறங்குங்கள். தூக்கம் கண்ணைச் சுற்றினால் சேலத்தில் அறை எடுத்துப் படுத்துவிட்டு, மறுநாள் காலையில் கிளம்புங்கள்.